லட்சுமியம்மாளின் ஜீரோ

திண்டிவனத்தில் நான் வெயில் விற்கிறேன். இதற்கு முன் தண்ணீர் விற்றேன். அதாவது தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின். அதற்கும் முன் சாவை விற்றேன், அதாவது இன்ஷூரன்ஸ். மூன்றுமே ஊரில் எல்லோருக்கும் சும்மா கிடைக்கிற பொருள்கள் என்பதால் எதிலும் நான் முன்னுக்கு வரவில்லை. பெயர் தேவநாதன். வீட்டு மாடியில் சோலார் போட்டுக்கொடுக்கிற ஒரு கம்பெனிக்குத் திண்டிவனம், விழுப்புரம் ஏஜென்ட். என் வீட்டில் சோலார் கிடையாது. வாடகை வீடு. மாடி ஓனருடையது, மாடியில் விழுகிற வெயிலும் தன்னுடையது என்று அவர் நினைக்கிறார்.

இந்தத் தொழிலின் பொருளாதாரம் ரொம்பச் சின்னது. நிறைய பில் கட்டுகிறவருக்கு சோலார் லாபம், கட்டாதவருக்கு நஷ்டம். நம் ஊரில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். அந்த நூறுக்குள் குடும்பம் நடத்துகிறவர்களிடம் போய், "அம்மா, சோலார் போட்டா உங்க பில்லு ஜீரோ" என்று நான் ஆரம்பித்தால், "எங்களுக்கு இப்பவே ஜீரோதாம்பா" என்பார்கள். பாவம், வெயிலில் வந்திருக்கிறானே என்று மோர் கொடுப்பார்கள். உலகத்தைச் சூரிய சக்திக்கு மாற்றும் போராட்டத்தில் எனக்கு இதுவரை கிடைத்தது பெரும்பாலும் மோர்தான்.

ஆகவே, ஜீரோ பில்லுக்கே பேர்போன லட்சுமியம்மாள் தானாகப் போன் செய்து, "எங்க மாடிய வந்து பாத்துட்டுப் போப்பா" என்றபோது ராங் நம்பர் என்றே நினைத்தேன்.

லட்சுமியம்மாள் வீடு மரக்காணம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் இருக்கிறது. புருஷன் இறந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகன் பிரவீன்குமார், விழுப்புரத்தில் பைக் ஷோரூமில் வேலை. அந்த வீட்டில் ஃபேன் ஒன்றாம் நம்பரைத் தாண்டியதில்லை. செல்போனுக்கு ஷோரூமில்தான் சார்ஜ். டிவி துணி போர்த்தியே இருக்கும்; சீரியல், எதிர்வீட்டு காந்திமதி வீட்டில். மாவை மட்டும் கல்லில் ஆட்டினால் இடுப்பு போகிறது என்பதால் கிரைண்டருக்கு அனுமதி. அது ஓடும்போது மற்றதெல்லாம் நிற்கும். ரீடிங் எடுக்க வருகிறவர் எழுதிக்கொடுக்கும் வெள்ளைக் கார்டில் பணம் என்கிற கட்டத்தில் வருஷக்கணக்காகப் பூஜ்யம். அந்தக் கார்டை அவர் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.

அன்றைக்கு மாடியில் லட்சுமியம்மாளோடு இன்னொருவரும் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வெயிலில் கறுத்த முகம். பிரம்மதேசத்திலிருந்து வந்த பெரியதம்பி. அவருடைய மூத்த மகள் கலைப்பிரியாவைத்தான் பிரவீன்குமாருக்கு நிச்சயம் செய்திருந்தார்கள்.

விஷயத்தை லட்சுமியம்மாளே சொன்னார்.

"நாங்க வரதட்சணைன்னு ஒரு பைசா கேக்கலப்பா. கேளு, சம்பந்தியே இங்கதான் நிக்கிறாரு."

"கேக்கல" என்றார் பெரியதம்பி.

"உங்க பொண்ணுக்கு நீங்க இன்னா செய்யறீங்களோ செய்ங்கன்னுதான் சொன்னேன். அவரு ஃபிரிட்ஜு, வாஷிங் மெஷினு, ஏசின்னு சபையில படிச்சாரு. ஊரே கேட்டுது. எனக்கு அங்கியே தல சுத்திப்போச்சு. இதெல்லாம் இங்க வந்தா சும்மாவா நிக்கும்? கரண்ட்ட குடிக்கும். மாட்ட ஓட்டிக்கினு வந்து கட்றவங்க தீனியும் சேத்துதான குடுக்கணும்?"

"அதான் சோலார் பிளேட்டு கேக்கறாங்க" என்றார் பெரியதம்பி என்னிடம், ஏதோ நான்தான் கேட்டதுபோல.

என் நெஞ்சு குளிர்ந்தது. மணமகன் வீட்டார் நகை கேட்டிருக்கிறார்கள், பைக் கேட்டிருக்கிறார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். சூரியனைக் கேட்டது இதுதான் முதல் தடவை. இது மட்டும் பழக்கமாகிவிட்டால் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் எனக்கு கமிஷன். வைகாசி, ஆவணி, தை என்று மனம் கணக்குப் போட, கை டேப்பைப் பிடித்து மாடியை அளந்தது.

"எவ்ளோ ஆவும் தம்பி?" என்று பெரியதம்பி கேட்டார்.

சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகம் துடைத்தார். உடனே, "மானியம் போக இவ்ளோதாங்க" என்று சின்னத் தொகையைச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. "அப்ப லோனப் போட்டு முடிச்சிடலாம். மானியம் வந்தா லோன்ல பாதி அடைஞ்சுடும். மீதிக்கு மல்லாட்ட இருக்குது" என்றார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை.

மானியம் போக என்று நான் சொன்னது முழு உண்மை. அது எங்கே போகும் என்றுதான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

விழுப்புரத்து பேங்கில் அது தெரிந்துபோயிற்று. கலைப்பிரியா விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடும் வேலை பார்த்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்குத் துணையாக பேங்குக்கு வந்திருந்தாள். ஒல்லியான பெண். கேள்வி கேட்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் உயரும்.

லோன் ஆபீசர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஈபி கனெக்‌ஷன் யார் பேர்ல?"

"சம்பந்தியம்மா பேர்லங்க. லட்சுமியம்மாள்."

"அப்ப அவங்கதான் லோனுக்கு அப்ளை பண்ணணும். மானியமும் அவங்க அக்கவுண்டுக்குத்தான் வரும்."

"இல்லீங்க, காசு குடுக்கறது நானு. அவங்களுக்கு சீரு."

"சீரா?"

"என் பொண்ணுக்கு நான் செய்ற சீரு. ஃபிரிட்ஜு, ஏசி மாதிரி."

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர். கம்ப்யூட்டரில் மேலும் கீழும் தேடினார். "கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்குதோ அவங்களுக்குத்தாங்க இந்தத் திட்டம். பொண்ணோட அப்பான்னு இதுல ஒரு கட்டமே இல்ல."

"கட்டமே இல்லையா?"

"இல்லைங்க."

பெரியதம்பி பேங்கை விட்டு வெளியே வந்து படியில் நின்றார். இனி இரண்டே வழி. லட்சுமியம்மாள் கடன் கையெழுத்துப் போடவேண்டும். இல்லையென்றால் இவர் முழுத் தொகையையும் ரொக்கமாகத் தரவேண்டும். ரொக்கத்துக்கு அவரிடம் இருப்பது ஏரிக்கரை ஓரத்துக் காணி நிலம் ஒன்று. அவருடைய நிலத்தில் கோடையிலும் கிணற்றில் தண்ணீர் நிற்பது அங்கேதான்.

"கேட்டாக் குடுப்பானுங்க, அடமானத்துக்கு" என்றார்.

"குடுத்தா திருப்புவியாப்பா?" என்றாள் கலைப்பிரியா.

"மல்லாட்ட நல்லா வந்தா."

"அந்த நெலத்த அவனுங்க கையில விட்டுட்டா மல்லாட்ட எங்க போடுவ?"

அவர் பஸ் ஸ்டாண்ட் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். நானும் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல வேறு பக்கம் நடந்தேன்.

மறுநாள் லட்சுமியம்மாளிடம் சேதியைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கம்பெனியில் இதற்கு கஸ்டமர் ரிலேஷன் என்று பெயர்.

"எனக்குக் குடுக்கற சீருக்கு நானே கடன் வாங்கணுமா?" என்றார் லட்சுமியம்மாள். "ஏம்பா, நல்லாத்தான இருந்த?"

"ரூல்ஸ் அப்படிம்மா."

"நான் இதுவரிக்கும் ஒரு பேங்குலயும் கையெழுத்து வெச்சதில்ல. அவர ரொக்கமா குடுத்துடச் சொல்லு."

"ரொக்கமா குடுத்தாலும் மானியம் உங்க அக்கவுண்டுக்குத்தாம்மா வரும். அத அவர்கிட்ட திருப்பிக் குடுத்துடுவீங்களா?"

லட்சுமியம்மாள் யோசித்தார். "கவர்மெண்டு எம் பேருக்குக் குடுக்கறத நான் எப்பிடிப்பா அடுத்தவங்களுக்குக் குடுக்கறது? தப்பாயிடாது?"

சட்டத்துக்கு இவ்வளவு பயப்படுகிற ஒருவரை நான் பார்த்ததில்லை. பிரவீன்குமார் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். "நீ இன்னாடா சொல்ற?" என்று அம்மா கேட்டதற்கு, "உன் இஷ்டம்" என்றான். அந்த வீட்டில் மின்சாரத்துக்கு அடுத்தபடியாகச் சிக்கனமாகச் செலவாவது அவனுடைய பேச்சு.

அந்த வாரக் கடைசியில் கலைப்பிரியா என் ஆபீசுக்கு வந்தாள். ஆபீஸ் என்றால் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால், ஒரு மேஜையும் ஒரு மாதிரிப் பேனலும். பேனல் மேல் ஜெராக்ஸ் கடைக்காரர் துண்டு காயப்போட்டிருந்தார்.

"அண்ணா, ஒரு கேள்வி" என்றாள். "இந்த பேனல் எதுக்கு?"

"கரண்ட்டுக்கும்மா."

"அத்தைக்கு நூறு யூனிட்டே மிச்சமாவுது. அவங்களுக்கு எதுக்கு?"

"உன் ஏசிக்கு."

"ஏசி எதுக்கு?"

"சீருக்கு."

"சீரு?"

"ஊருக்கு."

"ஊரு வந்து பில்லு கட்டுமா?"

நான் துண்டை எடுத்து மடித்து வைத்தேன். வியாபாரம் நழுவுகிறபோது கை எதையாவது செய்யும்.

"அப்பா நாளன்னிக்கு அடமானத்துக்குக் கையெழுத்துப் போடப் போறாரு" என்றாள். "எனக்கு அடுத்து ஆர்த்தி இருக்கா, காலேஜ் போய்க்கினு இருக்கா. அந்தக் காணி போச்சுன்னா அவ படிப்பும் போச்சு. நெலத்த வெச்சா கல்யாணமே வாணாம்னு சொல்லிட்டேன். பிரவீன்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"ம்-னு ஒரு மெசேஜ்." பிறகு, "அழுத மாதிரி ஒரு பொம்மையும் அனுப்பினாரு" என்றாள். சொல்லும்போது அவள் முகம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. பையனை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

"நான் இன்னாம்மா பண்ணணும்?"

"என்கூட வந்து அத்தைகிட்ட உண்மையச் சொல்லுங்க. அந்த ஏசியும் ஃபிரிட்ஜும் வராம இருந்தா பேனலே தேவையில்லன்னு சொல்லுங்க."

"நான் பேனல் விக்கறவம்மா."

"அதான். நீங்க வாணாம்னு சொன்னா நம்புவாங்க."

இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் என் பிள்ளைகளுக்கும் ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிறவன் நான்; படிப்பு போச்சு என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. ஒரு கமிஷன் போகிறது, போகட்டும் என்று கிளம்பினேன். அந்தப் பெருந்தன்மை லட்சுமியம்மாள் தெரு முனை வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அங்கே திரும்பியதும் கமிஷன் தொகை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

லட்சுமியம்மாள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வருங்கால மருமகள் கல்யாணத்துக்கு முன்பே வந்து நின்றதில் கொஞ்சம் அதிர்ச்சிதான். ஆனாலும், "வா, உக்காரு" என்று கீரையை நகர்த்தி இடம் கொடுத்தார்.

நான் தொண்டையைச் செருமினேன். "அம்மா, கணக்குப் போட்டுப் பாத்தேன். உங்க வீட்டுக்கு சோலார் வாணாம்."

கீரை ஆய்ந்த கை நின்றது.

"இன்னா சொன்ன?"

"ஏசியெல்லாம் வரலன்னா நீங்க நூறு யூனிட்டுக்குள்ளதான். அப்பிடி இருக்கறவங்களுக்கு சோலார் நஷ்டம்மா. போட்ட காசு திரும்பி வரவே வராது."

"வராதா."

"வராது. நான் சொல்றேன், வாணாம்."

லட்சுமியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கஸ்டமரிடம் முழு உண்மையைச் சொல்லிவிட்டு நிற்கிற என்னைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி இது.

"யாருக்கு ஒதுக்கி வெச்சிருக்க?"

"என்னாம்மா?"

"எதிர்வூட்டு காந்திமதிக்கா?"

"ஐயோ, இல்லம்மா."

"மாடிய அளந்த. சிரிச்சிக்கினே அளந்த. இன்னிக்கு வந்து வாணாம்ன்ற. விக்கறவன் எவனாவது வாணாம்னு சொல்லுவானா? அதுல ஏதோ இருக்குது. மானியம் முடியப்போவுதா?"

"முடியலம்மா."

"பாரு, கண்ண அங்க இங்க ஓட்றான்" என்றார் கலைப்பிரியாவிடம். நான் கண்ணை ஓட்டியது உண்மை. ஓடுவதற்கு வழி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார். "எங்க வூட்டுக்காரரு செத்த வருசம், பில்லு கட்ட காசு இல்ல. ஈபிக்காரன் வந்து ஃபியூஸ் கட்டைய புடுங்கிக்கினு போயிட்டான். பட்டப் பகல்ல, தெரு பூரா பாக்குது. புடுங்கினவன் மேல தப்பில்ல, அவன் வேல. ஆனா அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே இந்தக் கரண்ட்டுக்கு நான் ஒரு பைசா கடன் வெக்கமாட்டேன்னு. ஜீரோன்னா ஜீரோதான். நீ நாளைக்கு வந்து ஏசியப் போட்டுக்கினு படுத்துக்குவ. பில்லு வந்தா யாரு வாசல்ல வந்து நிப்பான்?"

கலைப்பிரியாவும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து ஆயத் தொடங்கினாள். நான் கிளம்பிவிடலாமா என்று யோசித்தபோது அவள் சாதாரணமாக ஆரம்பித்தாள்.

"சரி அத்த, அப்ப அப்பாவயே ரொக்கமா போட்டுக் குடுக்கச் சொல்றேன்."

"ஆங், அப்பிடிச் சொல்லு."

"எங்க அப்பா காசுல போட்டா அந்த பிளேட்டு என் சீரு இல்ல?"

"உன் சீருதான்."

"சீருன்னா எனக்குதான சொந்தம், பீரோ, கட்டில் மாதிரி?"

"ஆமா, அதுக்கென்ன?"

"ஒண்ணும் இல்ல அத்த. அவருக்கு விழுப்புரத்துல வேல, எனக்கும் அங்கதான் வேல. நாளைக்கு அங்கியே வூடு பாத்துக்கினு போற மாதிரி ஆச்சுன்னா, பீரோ கட்டிலோட பிளேட்டையும் கழட்டிக்கினு போலாமான்னு கேட்டேன். கழட்டலாம் இல்லண்ணா?"

கழட்டலாம் என்று நான் தலையாட்டினேன். கழட்டுவதற்கு எங்கள் கம்பெனி தனியாகக் காசு வாங்கும் என்பதைச் சொல்ல அது நேரமில்லை என்று பட்டது.

லட்சுமியம்மாள் மாடியை அண்ணாந்து பார்த்தார். அங்கே இன்னும் ஒன்றும் இல்லை. ஆனால் இருந்தது போய்விட்டதைப் போலப் பார்த்தார்.

"அப்ப பில்லு?" என்றார்.

"பிளேட்டு போயிட்டா பில்லு வரும் அத்த."

"கடன் கையெழுத்து நான் போட்டா?"

"உங்க பேரு, உங்க மானியம், உங்க பிளேட்டு. நான் கேக்க முடியுமா? அப்ப என் சாமான் எதுவும் வாணாம்னு கூட அப்பாகிட்ட சொல்லிட்றேன்."

"ஏன், சாமான் வராம பிளேட்ட வெச்சிக்கினு நான் வெயில வறுத்துத் திங்கறதா? சபையில படிச்சது படிச்சதுதான். வரட்டும்." லட்சுமியம்மாள் எழுந்து முந்தானையை உதறினார். "எப்பா தேவநாதா. பேங்கு எத்தினி மணி வரிக்கும்?"

"அம்மா, மறுபடியும் சொல்றேன், நல்லா யோசிச்சு..."

"நீ பேசாத. உன் பேச்ச கேட்டிருந்தா இத காந்திமதி வூட்டு மாடிலதான் பாத்திருப்பேன்."

இத்தனை வருஷத்தில் வேண்டாம் என்று நான் கெஞ்சி விற்ற ஒரே பொருள் அதுதான். கம்பெனியில் அந்த மாதம் என்னைப் பாராட்டினார்கள். எப்படி சார் கன்வின்ஸ் பண்ணீங்க என்று சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்து கேட்டார். உண்மையைச் சொன்னேன் என்றேன். நான் ஜோக் அடிப்பதாக நினைத்துச் சிரித்தார்.

லட்சுமியம்மாள் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே கலைப்பிரியா அப்பாவுக்குப் போன் செய்துவிட்டாள். அடமானப் பேச்சு அதோடு நின்றது. பேனல்கள் மாடியில் ஏறின. ஒவ்வொன்றின் நடுவிலும் லட்சுமியம்மாள் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். அந்த இடத்தில் வெயில் விழாது, கரண்ட் குறையும் என்று சொல்லிப் பார்த்தேன். "பொட்டு வெச்சா கொறையற கரண்ட்டு எனக்கு வாணாம்" என்றார். முதல் மழையில் போய்விடும் என்று விட்டுவிட்டேன். கல்யாணமும் நடந்தது. பந்தியில் எனக்கு முன்வரிசையில் இடம். காந்திமதிக்கு மூன்றாவது வரிசை.

அப்புறம் இரண்டு மூன்று மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல சித்திரை வெயிலில், லட்சுமியம்மாள் போன் செய்தார். "மீட்டரு ஏதோ திருட்டுத்தனம் பண்ணுதுப்பா, ஜல்தியா வா."

கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. ஹாலில் ஏசி ஊதிக்கொண்டிருந்தது. ஃபேன் ஐந்தில். வாஷிங் மெஷின் ஒரே ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. கிரைண்டர் ஓடியது. டிவியில் யாரும் பார்க்காத ஏதோ ஒரு கச்சேரி. நடுவில் நாற்காலியில் லட்சுமியம்மாள், கம்பளி ஸ்வெட்டர் போட்டு, தலையில் முக்காடு. பக்கத்தில் பெரியதம்பி. மகளைப் பார்க்க ஏரிக்கரைக் காணியில் விளைந்த மல்லாட்டை ஒரு மூட்டையோடு வந்தவர், தோள் துண்டைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரவீன்குமார் போர்வைக்குள் இருந்தான். கலைப்பிரியா அடுப்படியில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த வீட்டிலேயே சூடான இடம் அதுதான்.

"இன்னாம்மா இது, பகல்ல இவ்ளோ ஓட்டறீங்க?"

"ஓட்டாம? நம்ம வூட்ல ஓட்டலன்னா மிச்ச கரண்ட்டு லைனுக்குப் போய்டுதாம். உங்க ஆளுதான் சொன்னான். தெருவுல எவனெவனோ ஓட்றானாம். கடன் கட்றது நானு."

"சும்மா போகலம்மா. போற யூனிட்ட மீட்டர் கணக்கு வெச்சுக்கும். ராத்திரி நீங்க எடுக்கறதுல கழிச்சுக்குவாங்க. அதனாலதான் பில்லு ஜீரோ."

"பில்லு ஜீரோதான். அதுல கொற சொல்ல முடியாது." கார்டு இன்னும் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருந்தது.

"மாசா மாசம் பேங்குல கட்றீங்களே, அது?"

"அது பேங்கு. அதுக்கும் கரண்ட்டுக்கும் இன்னா சம்பந்தம்?"

இதற்குப் பதில் பொருளாதாரம் படித்தவர்கள் யாரிடமாவது இருக்கலாம்.

"சம்பந்தியம்மா, கொஞ்சம் கொறைச்சா தேவல" என்றார் பெரியதம்பி. பல் லேசாகத் தந்தியடித்தது.

"கொறைச்சா கவர்மெண்டுக்குப் போவும் சம்பந்தி. பொழுது சாயட்டும், நானே அணைச்சுட்றேன். கலை, உங்க அப்பாவுக்கு ஒரு போர்வ குடு."

கலைப்பிரியா வறுத்த மல்லாட்டையை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். நான் ஒரு கை அள்ளினேன். நல்ல பருப்பு, எண்ணெய்ப் பிடிப்பாக இருந்தது.

பெரியதம்பி போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, நெலம் தப்பிச்சுது" என்றார் மெதுவாக. "நான் தப்பிப்பேனான்னுதான் தெரியல."